உரிமையாளர்: யாருமில்லை

பூஜை விடுமுறையின் மூன்றாம் நாள் முன்னாள் மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் துறையின் மின்னிதழில் வெளிவந்த தம் கட்டுரையின் சுட்டியை உதவிப் பேராசிரியர் பணிக்கான விண்ணப்பத்தில் கொடுத்திருந்தார். இப்போது தேடுபொறியில் அக்கட்டுரையின் தலைப்பைச் சொடுக்கினால் சூதாட்டத் தளம் ஒன்று திறக்கிறது என்றார். கொல்கத்தாவில் பூஜை நாள்களில் அலுவலகம் திறக்காது. ஒப்பம் இட வேண்டியவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். தளத்தை மீட்க 11 நாள் ஆயிற்று. விடுமுறைக்குப் பின் கூடிய கூட்டத்தில் விவகாரம் ஒரே தொடரில் முடித்துவைக்கப்பட்டது: ‘ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள், இணையத்தில் இதெல்லாம் சகஜம்.’

அந்தத் தொடரை மறுக்கவே இதை எழுதுகிறேன். கதவை நாமே கழற்றி வைத்துவிட்டுத் திருடனின் திறமையை வியப்பது ஆய்வுத்துறைக்கு அழகன்று. கழற்றியது வேறு எவருமல்ல, நான்தான்.

இரண்டாண்டுகளுக்கு முன் தளத்தை வேறொரு வழங்கிக்கு மாற்றியபோது இதழின் அட்டைப்படம் ஏற மறுத்தது. ‘கோப்புறையில் எழுத அனுமதி இல்லை’ என்ற பிழைச்செய்தி மீண்டும் மீண்டும் வந்தது. வழங்கி நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: ‘அந்தக் கோப்புறைக்கு 777 கொடுங்கள்.’ கொடுத்தேன். படம் ஏறியது. நன்றி தெரிவித்து மடலும் அனுப்பினேன்.

அந்த எண்ணின் பொருளை அன்று நான் கேட்கவில்லை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. இரண்டிலும் சேராதவர்கள் ‘ஏனையோர்’. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கோப்புறையாயின் அந்த 1 உள்ளே நுழையும் உரிமை. மூன்று தரப்பினருக்கும் மூன்றையும் கூட்டிக் கொடுத்தால் 777. ‘ஏனையோர் என்றால் இணையத்தில் உலவும் எல்லோரும் அல்லர், அந்த இயந்திரத்தில் கணக்கு வைத்திருப்போர் மட்டுமே’ என்று இதற்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஷேர்டு ஹோஸ்டிங் எனப்படும் பகிர்வு வழங்கியில் அந்தக் கணக்குகள் யாருடையவை? திருமண மண்டபம், பயிற்சி நிலையம், பல்லாண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத ஏதோ ஒரு வேர்ட்பிரஸ் தளம் என முகமறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒவ்வொரு கணக்கையும் தனிக்கூண்டில் அடைக்கும் வழங்கிகளும் உள்ளன. எங்களுடையது அவ்வகையன்று.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகத் தாமதமாகவே விளங்கியது. கோப்புறையில் எழுதும் உரிமை என்பது புதிய கோப்பைச் சேர்க்கும் உரிமை மட்டுமன்று. அதிலுள்ள கோப்புகளை நீக்கவும் பெயர் மாற்றவுமான உரிமையும் அதுவே. ஆகவே 777 கோப்புறைக்குள் ஒரு கட்டுரையை எவ்வளவு கட்டுப்பாட்டோடு வைத்தாலும், அதை அகற்றிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்க எவராலும் முடியும்.

விடுமுறை முடிந்து கோப்புப் பட்டியலைத் திறந்தபோது, நாங்கள் அறியாத கோப்புகளுக்கு நேரே உரிமையாளர் பெயர் ‘நோபடி’ என்றிருந்தது. வேடிக்கை அன்று. பல வழங்கிகளில் அப்பாச்சி சேவையகம் ஓடும் பயனரின் பெயரே அது. எங்கள் தளத்தின் பிஎச்பி நிரலும் பக்கத்துத் தளங்களின் நிரல்களும் அந்த ஒரே பெயரில்தான் ஓடின. அதனால் அந்தக் கோப்புகள் எங்கள் நிரலின் ஓட்டை வழியே வந்தனவா, அண்டை வீட்டார் வழியே வந்தனவா என்று கோப்புகளைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அப்பெயரில் உருவான உட்கோப்புறைகளில் கிடந்தவற்றை எங்கள் கணக்கால் அழிக்கவும் முடியவில்லை. எங்கள் வீட்டுக் குப்பையை எடுத்தெறிய வழங்கி நிறுவனத்திடம் மனுப்போட்டுக் காத்திருந்தோம். முதலில் வந்த பிழைச்செய்திக்கும் காரணம் இதுதான்: கோப்புறை எங்கள் கணக்குக்கு உரியது, எழுத முயன்ற நிரலோ ‘யாருமில்லை’ என்ற பெயரில் ஓடியது. ‘எழுத வேண்டியவர் யார்?’ என்று இயந்திரம் கேட்டது. ‘யார் வேண்டுமானாலும்’ என்று நான் விடை சொன்னேன்.

‘இது கணினித்துறையின் பாடு, இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை?’ என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். எனக்கு இது வியப்பளிக்கிறது. எந்த வரி மூலத்துக்குரியது, எது இடைச்செருகல் என்று பாடபேதங்களை ஒப்பிட்டு ஆயுளைக் கழித்த மரபு நம்முடையது. இதே நகரில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பிரதிகள் மற்றும் பதிவுகள் பள்ளி உருவாக்கி 2013-இல் வெளியிட்ட ‘பிசித்ரா’ தளம், தாகூரின் 47,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பக்கங்களைப் படியெடுத்து, அவருடைய ஒவ்வொரு திருத்தத்தையும் ஒப்பிட வழிசெய்கிறது. எழுதிய கை எது என்ற வினாவை இவ்வளவு உயர்வாக மதிக்கும் நாம், நம் இதழின் கோப்புறையில் அதே வினாவை ‘தொழில்நுட்பம்’ என்று தள்ளுகிறோம். 777 என்பது இடைச்செருகலுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் நிரந்தர அழைப்பிதழ்.

இதழ் ஓஜேஎஸ் மென்பொருளில் இயங்குவது. ஆசிரியர்கள் அனுப்பும் கையெழுத்துப்படிகளும் மதிப்பீட்டாளரின் கருத்துரைகளும் சேரும் கோப்புறை, உலாவிக்கு எட்டாத இடத்தில், தளத்தின் பொதுக் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று அம்மென்பொருளின் வழிகாட்டி சொல்கிறது. எங்களுடையது உள்ளேயே இருந்தது. இருமுனை மறைவு மதிப்பீடு என்று அறிவிப்பில் அச்சிட்டுவிட்டு, மதிப்பீட்டுக் கோப்புகளை வழிப்போக்கர் எட்டும் திண்ணையில் வைத்திருந்தோம். சூதாட்ட விளம்பரத்தைவிட இதுவே எனக்குப் பெரிய அவமானம். கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

சரிசெய்தது பெரிய வித்தை அல்ல. பிஎச்பி நிரல் எங்கள் கணக்கின் பெயரிலேயே ஓடும்படி அமைப்பை மாற்றித் தருமாறு வழங்கியிடம் கேட்டோம். கேட்டதும் செய்தார்கள், இரண்டாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தாலும் செய்திருப்பார்கள். ‘நோபடி’ பெயரில் கிடந்தவற்றை நீக்கி, எஞ்சிய கோப்புகளின் உரிமையை எங்கள் கணக்குக்கு மாற்றினார்கள். அதன்பின் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள அமைவுக் கோப்புக்கு 600. கோப்புக்கும் கோப்புறைக்கும் ஒரே எண்ணை ஒரே வீச்சில் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். 644 பெற்ற கோப்புறைக்குள் நுழையவே முடியாது. படங்கள் ஏறும் கோப்புறையில் நிரல் எதுவும் இயங்காதபடி தடைசெய்தோம். பழைய தூய காப்புநகல் ஒன்றோடு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டோம். எஞ்சிய நாள்களை விழுங்கியது அந்த வேலைதான்.

இதுவும் மந்திரம் அல்ல. நிரல் நம் பெயரில் ஓடும்போது நம் நிரலிலேயே ஓட்டை இருந்தால், நம் கோப்புகள் அனைத்தும் அதற்கு இரையாகும். மென்பொருளைப் புதுப்பித்தே ஆக வேண்டும். அச்சத்தில் எல்லாவற்றையும் 444 ஆக்கிப் பூட்டுவோரும் இருக்கிறார்கள். அடுத்த இதழ் ஏறாது. அவசரத்தில் யாரோ மறுபடி 777 கொடுப்பார்கள்.

ஆனால் என் சண்டை எண்களோடு அன்று. தளத்தின் உரிமையாளர் யார் என்று துறையில் கேட்டுப் பாருங்கள். சேவையகம் சொன்ன அதே விடை வரும். வழங்கிக் கணக்கு, பட்டம் பெற்றுப் போய்விட்ட ஓர் ஆய்வாளரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது. கட்டணம் மற்றொருவரின் அட்டையிலிருந்து போகிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, தமிழ்நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரில் அச்சாகும் தமிழ் நூலின் படியும் இங்கே அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். அச்சுப் பிரதியைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுதிவைத்த நாடு இது. மின்னிதழுக்கு அவ்வளவு வேண்டாம், துறைக் குறிப்பேட்டில் மூன்று வரி போதும்: கணக்கு எந்த அலுவலக முகவரியில், எழுதும் உரிமை யாருக்கு, அவர் விலகும்போது யாரிடம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் இணையதள ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. யார் தெரிவிப்பது என்று முடிவுசெய்யவே எங்களுக்கு நான்கு நாள் பிடித்தது.

இம்மூன்று வரிகளையும் கூட்டத்தில் முன்மொழிந்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு நான் ஊர் திரும்புகிறேன். கடவுச்சொல் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று எவரும் இன்னும் சொல்லவில்லை.