ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் போதுமா?

காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்துவதைவிட, ஏப்ரல், மே விடுமுறையில் ஆறு வாரம் தொடர்ந்து சொல்லிக் கொடுப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

கணக்குப் பாருங்கள். பரீட்சை, கல்யாணம், மழை என்று கழித்தால் ஆண்டில் 40 ஞாயிறு தேறலாம். அதாவது 40 மணி நேரம். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 120. அதோடு, ஒரு ஞாயிறு படித்தது அடுத்த ஞாயிறுக்குள் மறந்துவிடுகிறது.

இத்தாலிய மொழி கற்போர் இதை என்றோ கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி 1915இல் கோடைக்கால மொழிப் பள்ளியைத் தொடங்கியது. 1932இல் இத்தாலியமும் சேர்ந்தது. சேர்பவர்கள் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். வகுப்பில் மட்டுமல்ல, சாப்பிடும்போதும் விளையாடும்போதும் கற்கும் மொழியிலேயே பேச வேண்டும். இத்தாலியில் பெருஜியா நகரில் வெளிநாட்டவருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கடைத்தெருவும் ஒரு வகுப்பறைதான்.

நம் நிலைமைக்கு இது எப்படிப் பொருந்தும்? 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிழைப்புக்காகப் பின்னால் வந்தவர்களும் உண்டு. யாராயிருந்தாலும் பிள்ளைகள் படிப்பது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான். என் பேத்தி வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் 'நான் போயி, அவ போயி' என்பாள். மலையாள வினைக்கு நான், அவன், அவள் என்ற விகுதி இல்லை. போனேன், போனான், போனாள் என்பதைச் சூத்திரமாகச் சொல்லிக் கொடுத்தால் மனப்பாடம் ஆகும், பேச்சில் வராது. இத்தாலியத்திலும் நம்மைப் போலவே வினையே ஆளைக் காட்டும். 'பார்லோ' என்றால் நான் பேசுகிறேன், 'பார்லா' என்றால் அவன் அல்லது அவள் பேசுகிறாள். அதுவும் நாள் முழுக்கக் காதில் விழுந்தால்தான் நாக்கில் நிற்கும்.

வாசிப்பு அவ்வளவு கடினமில்லை. ழ, ற ஒலிகள் மலையாளத்திலும் உண்டு. கொம்பு போடும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. பிள்ளைகள் தடுமாறுவது ஒரே 'க' பல ஒலி தரும் இடத்தில்தான். கடல், தங்கம், பகல் என்று பல நாள் உரக்க வாசித்தால் அதுவும் சரியாகும்.

இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி பாதிரியார்தான் நம் வீரமாமுனிவர். தமிழ் மக்களிடையே வாழ்ந்து, தமிழில் காவியமும் சதுரகராதியும் எழுதுமளவு தேர்ந்தார். அத்தனை ஆண்டு உழைப்பை ஆறு வாரத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

விடுமுறையில் டியூஷன், கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறதே என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். டியூஷன் மாலையில் வைத்துக்கொள்ளலாமே! மலையாளத்துக்கு விரோதமான ஏற்பாடாகவும் இதை யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் படிப்பும் பிழைப்பும் அதில்தான்.

காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, எட்டு வயது முதல் பதினான்கு வரை சேர்க்கலாம். சாப்பாடு முறைவைத்து வீட்டுக்கு ஒரு நாள். பரிமாறுகிறவரும் தமிழிலேயே பேச வேண்டும். ஒரு நாள் களியக்காவிளை தாண்டிப் பத்மநாபபுரம் அரண்மனை வரை பஸ்ஸில் கூட்டிப் போய், வழியில் கடைப் பலகைகளைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.