கேட்காத கேட்புக் கூட்டங்கள்

‘கேள்’ என்னும் வினையடிக்குத் தமிழில் வினவுதல் என்றும் பொருள் உண்டு, செவிமடுத்தல் என்றும் பொருள் உண்டு. சுரங்கம் தோண்டுவதற்கும் குப்பைக்கிடங்கு அமைப்பதற்கும் முன்னால் இந்திய அரசு நடத்தும் ‘மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. 2025 செப்டம்பர் 8-க்குப் பிறகு, ஒரு பெருந்தொகுதிக் கனிமங்களைப் பொறுத்தவரை அந்த முதற்பொருளும் எஞ்சவில்லை.

அன்றைய நாளிட்ட அலுவலகக் குறிப்பாணை ஒன்றின்வழி, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களையும், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் ‘முக்கிய, உத்திசார் கனிமங்கள்’ எனப் பட்டியலிடப்பட்ட 24 கனிமங்களின் சுரங்கங்களையும் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கியது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் வேண்டிக்கொண்டன என்பது சொல்லப்பட்ட காரணம். வரைவு அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபங்களுக்கு அறுபது நாள் அவகாசம் தந்து, அதன்பின் விதியைத் திருத்துவதே முறை. குறிப்பாணைக்கு அந்தத் தொல்லை இல்லை. மக்களிடம் கேட்கவேண்டியதில்லை என்ற முடிவும் மக்களிடம் கேட்காமலே எடுக்கப்பட்டது.

இதன் பொருள் என்ன என்பதை அறிய மேலூர் வட்டத்துக்கு மேல் செல்லவேண்டாம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவு வெளியானது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியும் அதனுள் அடங்கியது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் உள்ள குன்று அது. கல்வெட்டியல் மாணவர் எவரும் அறிந்த ஊர், ஏலப் பட்டியலில் ஒரு தொகுதிப் பெயராக மட்டுமே இருந்தது. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணியாகச் சென்றனர். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. இத்தனையும் எந்தக் கேட்புக் கூட்டமும் இல்லாமல் நடந்தவை. சட்டம் வகுத்த வரிசையில் ஏலம் முதலில், கேட்பு பிறகு. விலை பேசி முடித்த பின்னரே வீட்டுக்காரரிடம் விற்பீர்களா என்று வினவும் ஒழுங்கு இது. டங்ஸ்டன் அந்த 24 கனிமங்களுள் ஒன்று. இன்று அதே தொகுதி மீண்டும் ஏலத்துக்கு வந்தால், பிறகு கேட்கும் அந்தச் சடங்குகூட இராது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் திட்டமிடப்பட்டிருக்கும் கடற்கரை மணல் சுரங்கத்துக்கும் இதே நிலை. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அங்குள்ள மீனவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று யார் தீர்மானித்தார்கள்?

விலக்கு ஒருபுறம் இருக்க, விலக்களிக்கப்படாத திட்டங்களில் கேட்பு எவ்வாறு நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு, தாளில் படிக்க நல்ல ஆவணம்தான். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை வகிக்கவேண்டும். நிகழ்ச்சி முழுதும் ஒளிப்பதிவாகவேண்டும். முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் படித்துக்காட்டி விளக்கவேண்டும். ஆனால் கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை தேவையில்லை என்றும் அதே பின்னிணைப்பு சொல்கிறது. வாக்கெடுப்பு இல்லை. மக்கள் சொன்னது கருத்து, முடிவு வேறிடத்தில். மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தின் உரிமையாளர். ரத்னகிரி மாவட்ட பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்க அறிக்கையின் பத்திகள் அப்படியே இடம்பெற்றிருந்தது வெளிவந்தபோது சிரித்தவர்கள் பலர். கொங்கண் மலைச்சரிவில் ரஷ்ய மரங்கள் நின்றதைக் கண்டுபிடித்தவர்கள், அந்த அறிக்கையை ஆங்கிலத்தில் படிக்கமுடிந்தவர்கள் என்பதைச் சேர்த்து நினைக்கவேண்டும்.

ஏனெனில் முழு அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். மொழிபெயர்க்கப்படுவது சுருக்கம் மட்டும். எந்த மொழியில்? அறிவிக்கையின் வாசகங்களில் ‘உள்ளூர் மொழி’யும் ‘மாநில ஆட்சிமொழி’யும் ஒன்றுக்கு ஒன்று மாற்றுப்போல அடுத்தடுத்து நிற்கின்றன. எதைத் தேர்ந்தாலும் விதி நிறைவேறிவிடும். எந்த அலுவலகம் எதைத் தேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இந்தியாவின் நிலக்கரியும் இரும்பும் பாக்சைட்டும் கிடக்கும் மண்ணில் ஆட்சிமொழி ஒன்று, பேச்சுமொழி வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் சுமார் 29.8 லட்சம், குருக் 19.9 லட்சம், ஹோ 14.2 லட்சம், முண்டாரி 11.3 லட்சம். இந்த நான்கில் ஒன்றுகூட எட்டாம் அட்டவணையில் இல்லை. கோண்டியும் குருக்கும் திராவிட மொழிகள். தமிழின் தொன்மையைப் பற்றி மேடைதோறும் பேசும் உலகம், அதன் உடன்பிறப்பு மொழிகள் நிலக்கரிப் படிவத்தின்மேல் குடியிருப்பதை அறியாதது போல இருக்கிறது.

2020-ல் நடந்தது இதை வெளிச்சமாக்கியது. 2006 அறிவிக்கைக்கு மாற்றாக அவ்வாண்டு ஒரு வரைவு வெளியிடப்பட்டது. முன்னறிவிப்பு முப்பது நாளிலிருந்து இருபது நாளாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாடு பொதுமுடக்கத்தில் இருந்தது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. ஜூன் 30 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அதை எட்டாம் அட்டவணை மொழிகளிலேனும் பத்து நாளுக்குள் மொழிபெயர்க்கும்படி ஆணையிட்டது. அமைச்சகம் மொழிபெயர்க்கவில்லை, உச்சநீதிமன்றம் சென்றது. ஆட்சிமொழிச் சட்டத்தின்படி இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பது அதன் வாதம். எழுபது கோடிப் பேரின் நிலத்தையும் நீரையும் தொடும் ஒரு விதியை அவர்கள் மொழியில் சொல்வதைவிட, சொல்லாமலிருக்கும் உரிமைக்காக வழக்காடுவது எளிதாக இருந்திருக்கிறது. அந்த வரைவு சட்டமாகாமல் நின்றுபோனது வேறு செய்தி. கவனிக்கவேண்டியது, நீதிமன்றத்தின் தாராளமான ஆணையின் எல்லை. எட்டாம் அட்டவணையில் சமஸ்கிருதம் உண்டு. தாய்மொழியாகப் பதிந்தோர் 24,821 பேர். ஆணை நிறைவேறியிருந்தாலும் சமஸ்கிருதத்தில் வரைவு கிடைத்திருக்கும், கோண்டியில் கிடைத்திராது.

மொழிபெயர்த்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்றால் இல்லை. அறிக்கைகளின் சொற்களே ஒரு தரப்பில் நிற்கின்றன. கனிமப் படிவத்தின்மேல் கிடக்கும் எல்லாவற்றுக்கும் சுரங்கத்துறை வைத்திருக்கும் பெயர் ‘ஓவர்பர்டன்’. வேண்டாத மேற்சுமை என்பது அதன் உட்கருத்து. அந்தச் சுமையில் மண்ணும் வேரும் ஊற்றும் நெல்வயலும் அடக்கம். வருவாய்த்துறையின் ‘புறம்போக்கு’ அறிக்கைக்குள் செல்லும்போது ‘தரிசு’ ஆகிறது. மேய்ச்சல் நிலமும் ஏரி உள்வாயும் களமும் சுடுகாடும் ஒரே சொல்லில் பயனற்றவையாகின்றன. பயனற்ற நிலத்தில் குழி தோண்டினால் இழப்பு என்ன? விடை, கேள்வி எழும் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

கூட்டத்தின் பதிவேடு இதைவிட நுட்பமானது. ஒரு பெண் எழுந்து, கிணறு வற்றினால் யார் பொறுப்பு என்று கேட்கிறார் என்று கொள்வோம். எதிர்ப்பத்தியில் நிறுவனத்தின் மறுமொழி: ‘விதிகளின்படி உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ யார் என்று கேட்ட கேள்விக்குச் செய்பவரைச் சொல்லாத செயப்பாட்டு வினை விடை. ‘படும்’ என்ற துணைவினை இந்த நாட்டில் சுமக்கும் பொறுப்பை எந்த அலுவலரும் சுமந்ததில்லை. இன்னொன்று, ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு. தமிழில் உள்ள இந்த வேறுபாடு குருக்கிலும் உண்டு: கேட்போரை உட்படுத்தினால் ‘நாம்’, விலக்கினால் ‘ஏம்’. ‘நாங்கள் நிலம் தரமாட்டோம்’ என்பவர், எதிரே அமர்ந்திருக்கும் அலுவலர்களையும் நிறுவனத்தாரையும் அந்தச் சொல்லுக்குள் சேர்க்கவில்லை. ‘நம் மாவட்டம் முன்னேறவேண்டாமா’ என்று பேசும் நிறுவனத்தார் எல்லாரையும் அணைத்துக்கொள்கிறார். ஆங்கிலப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே சுட்டுப்பெயர். யார் யாரோடு நின்றார் என்ற செய்தி அங்கேயே அழிந்துவிடுகிறது. டெல்லியில் உள்ள மதிப்பீட்டுக் குழு படிப்பது அந்த ஆங்கிலத்தைத்தான்.

பெருஞ்சுரங்கங்களுக்காவது ஒரு கூட்டம், ஒரு பந்தல், சில ஒலிபெருக்கிகள் உண்டு. மணல், கருங்கல், கிராவல் போன்ற சிறுகனிமங்களுக்கு அதுவும் அரிது. தனித்து நிற்கும் குவாரி 5 ஹெக்டேருக்குள் இருந்தால் கருத்துக் கேட்பே தேவையில்லை. அங்கே மக்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாயில் மாவட்ட அளவாய்வு அறிக்கை. 2016 ஜனவரி 15 அறிவிக்கையின்படி, மாவட்டத்தில் எந்த ஆற்றில் எவ்வளவு மணல், எந்தக் குன்றில் எவ்வளவு கல் எடுக்கலாம் என்பதை அந்த அறிக்கைதான் சொல்லவேண்டும். வரைவை 21 நாள் ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் வைத்துக் கருத்துப் பெறவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு மாவட்டத்தின் கனிமத் தலைவிதியை எழுதும் ஆவணத்துக்கு இருபத்தொரு நாள், ஓர் இணையப்பக்கத்தின் மூலையில். ஆற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவர் அன்றாடம் மாவட்ட இணையதளத்தைத் திறந்து பார்ப்பார் என்று நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும்.

குப்பையின் கதை இதன் மறுபக்கம். சுரங்கத்தில் நகரம் எடுத்துக்கொள்கிறது, கிடங்கில் நகரம் திருப்பிக் கொட்டுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வகை ஊர்களில். திருவனந்தபுரத்தின் குப்பையைச் சுமந்த விளப்பில்சாலையில் 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையைப் பூட்டியது. முறைப்படி கேட்கும் காது இல்லாத இடத்தில் பூட்டு பேசியது.

இவற்றுக்கு மாறாக ஒரு முறை உண்டு என்பதற்கு நியமகிரி சான்று. 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், மலையில் பாக்சைட் எடுப்பது வழிபாட்டு, பண்பாட்டு உரிமைகளைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராயவேண்டும் என்றது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டில் ராயகடா, களாஹண்டி மாவட்டங்களின் 12 ஊர்களில் சபைகள் கூடின. மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக இருந்தார். பன்னிரண்டும் மறுத்தன. டோங்ரியா கோந்துகளின் தாய்மொழி குவி. அதுவும் ஒரு திராவிட மொழிதான். அவர்கள் மேடைக்கு வரவில்லை, மேடை அவர்கள் ஊருக்குச் சென்றது. மாற்றம் அதிலேயே தொடங்குகிறது. சொன்னது கருத்தாக அன்றி முடிவாகக் கொள்ளப்பட்டது என்பது அடுத்தது. அந்த ஊர்களையும் ‘எத்தனை ஊர்’ என்ற எண்ணிக்கையில் குறைத்தார்கள் என்ற குறை உண்டு. ஆயினும் இந்தியச் சுரங்க வரலாற்றில் ‘கேள்’ என்பதன் இரண்டாம் பொருள் செயற்பட்ட அரிய இடம் அது. அதன்பின் அதே முறை விதியாக ஆகவில்லை என்பதுதான் அரசின் உண்மையான மறுமொழி.

எதிர்வாதங்கள் புதியன அல்ல. முதலாவது, இத்தனை மொழிகளில் ஆக்கினால் காலமும் பணமும் வீணாகும் என்பது. கோடிக்கணக்கில் முதலிடும் திட்டத்தில் ஐம்பது பக்கச் சுருக்கத்தை இன்னொரு மொழியில் தருவதற்கு ஆகும் செலவைச் சொல்லத் திட்டக்காரர் யாரும் முன்வந்ததில்லை. இரண்டாவது, கோண்டியிலும் ஹோவிலும் கலைச்சொற்கள் இல்லை என்பது. நிலத்தடி நீர்மட்டம் பத்து அடி இறங்கும் என்பதைச் சொல்லக் கலைச்சொல் எதற்கு? சொல்லமுடியாத நிலையில் அந்தச் சொல் இருந்தால், விளக்கும் கடமை அதைப் பயன்படுத்துவோருடையது. எழுத்தில் வழக்கு குறைந்த மொழி என்றால் வாய்மொழியாக விளக்கலாம். கூட்டமே வாய்மொழி நிகழ்ச்சிதானே. மூன்றாவது, தேசப் பாதுகாப்பு. மின்கலத்துக்கும் காற்றாலைக்கும் வேண்டிய கனிமங்களையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்தால், நாளை எந்தக் கல் அதற்கு வெளியே நிற்கும்?

இனி ஆய்வுலகத்துக்கு. பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைக் காக்க ஒன்றிய அரசின் திட்டம் ஒன்றை மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நடத்துகிறது. இலக்கணமும் அகராதியும் எழுதப்படுகின்றன, நல்ல பணி. முப்பது லட்சம் பேர் பேசும் கோண்டி அந்தத் திட்டத்துக்கு மிகப் பெரியது, எட்டாம் அட்டவணைக்கு மிகச் சிறியது. அதன் சுட்டுப்பெயர்களைப் பற்றி, ஒலியனியல் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரைகள் வருகின்றன. அதே மொழியில் ஒரு சுரங்கத்தின் சுருக்க அறிக்கையை ஆக்கித் தருவது எந்தத் துறையின் பணியிலும் இல்லை, எந்த மதிப்பெண்ணுக்கும் கணக்கில் வராது. தகவலாளி என்று ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பெயர் போடப்படுபவர், தம் ஊர்க் கூட்டத்தில் என்ன படிக்கப்பட்டது என்று தெரியாமல் வீடு திரும்புகிறார்.

இதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. உள்ளூர் மொழி என்ற சொல் பின்னிணைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஜார்க்கண்ட் ஹோ, முண்டாரி, குருக் ஆகியவற்றை இரண்டாம் ஆட்சிமொழிகளாகவும் ஏற்றிருக்கிறது; ஆகவே இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த மேற்குச் சிங்பூமில் அடுத்த கூட்ட அறிவிப்பையும் சுருக்க அறிக்கையையும் ஹோவில் வெளியிட மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டெல்லியிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஹோ கற்பிக்கும் துறைகள் ராஞ்சியிலும் சாய்பாசாவிலும் இருக்கின்றன. முப்பது நாளில் ஐம்பது பக்கம்.