தன்னைத் தான் கூறல்

பாரி மகளிரின் பெயர் யாது என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. அங்கவை, சங்கவை எனப் பிற்கால வழக்குக் கூறும். ஆயினும் புறநானூற்றிலே அவர்க்குப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே அவர்தம் பெயர். பாரி இறந்துபட்ட பின்னர், அம்மகளிர்க்கு மணவாளரைத் தேடிச் சென்ற கபிலர், விச்சிக்கோவிடத்தும் இருங்கோவேளிடத்தும் அவரை அழைத்துச் சென்றார். இவர் யாரென வினவுவாயாயின் என்று இருங்கோவேளிடம் தாமே வினாவை எழுப்பித் தாமே விடையும் கூறுகின்றார். அந்த விடையை நிதானமாகப் படித்துப் பார்த்தல் வேண்டும். முல்லைக்குத் தேர் ஈந்த தந்தையின் புகழ் அங்கே உண்டு. பறம்புமலையின் பெருமை உண்டு. யான் அந்தணன், புலவன், இவர் தந்தைக்குத் தோழன் என்னும் கபிலரது அறிமுகம் உண்டு. கேட்கும் வேளின் குலவரலாறுங் கூட உண்டு. அம்மகளிர் கவி பாட வல்லவர் என்னும் ஒரு செய்தி மாத்திரம் இல்லை!

அவர்கள் பாட வல்லவர் என்பதற்கு அதே தொகைநூலின் 112-ஆம் பாட்டுச் சான்று. தந்தையையும் குன்றையும் இழந்த துயரை ஒரு நிலவையும் மற்றொரு நிலவையும் ஒப்பவைத்து, ஐந்தே அடியில், தன்மைப் பன்மையில் அவர்கள் கூறிவிட்டனர். கபிலர் அவரைப் பற்றிக் கூறியனவெல்லாம் நமக்கு அவருடைய தந்தையைக் காட்டுகின்றன. அவர் தம்மைப் பற்றிக் கூறிய ஐந்தடிகளே நமக்கு அவரைக் காட்டுகின்றன. நண்பன் மக்களுக்காக ஊரூராக நடந்த கபிலரைக் குறை கூறுதல் என் கருத்தன்று. அன்புடைய ஒருவர் கூறும் அறிமுகமும் ஒருத்தி தானே கூறும் அறிமுகமும் வெவ்வேறு பொருள்கள் என்பதே ஈண்டு யான் கூற வந்தது.

வாரவிறுதிப் பத்திரிகைகளில் வரும் 'மணமகன் தேவை' விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கபிலரின் நினைவு வருவதுண்டு. வயது, உயரம், நிறம், சமயம், சாதி, நட்சத்திரம், செவ்வாய், கிரகபாவம், பட்டம், உத்தியோகம், வெளிநாட்டிலே வாழும் சகோதரர் ஆகிய யாவும் அந்தச் சில வரிகளுள் அடங்கிவிடும். சீதனம் வெளிப்படக் கூறப்படாவிடினும் குறிப்பாற் பெறப்படும். இவ்வரிகளை எழுதியவர் தந்தையாகவோ மாமனாகவோ தமையனாகவோ இருப்பர். நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பர். எனினும், அந்தப் பெண் எந்த நூலை இரண்டாம் முறையும் படித்தாள், எதைக் கண்டாற் சிரிப்பாள், எதனைப் பொறாள், எங்கே போக விரும்புகின்றாள் என்பனவற்றுள் ஒன்றேனும் அங்கே இராது. விளம்பரத்துக்கு இடம் போதாது என்பீர்களாயின், அவளே எழுதுவதற்கு வேறிடம் எங்கே கொடுத்தோம் என்று கேட்பேன்.

அந்த இடம் வகுப்பறையாகவே இருத்தல் வேண்டும். ஆனால் வகுப்பறையிலும் நிலைமை வேறாக இல்லை. யான் தமிழ் கற்பிக்கும் பிராசீன கல்லூரியிலே, இலக்கண இலக்கியம் பயில வரும் மாணவியருட் பலர் இருபது வயதைக் கடந்தவர்; மணமாகாதவர்; சிலர் பகலில் வேலை பார்ப்பவர். இவர்களிடம் 'யான்' என்னும் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். வந்த கட்டுரைகளிற் பெரும்பாலானவற்றை ஒருத்தியே எழுதினாள் என்று சொல்லிவிடலாம். இன்ன ஊரில் இன்னாருக்கு இத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தேன் என்று அவை தொடங்கும். பயின்ற பாடசாலை, பெற்ற பெறுபேறு என்பன தொடரும். நல்லதோர் ஆசிரியையாகிப் பெற்றோர்க்கும் சமூகத்துக்கும் தொண்டாற்றுவதே எனது இலட்சியம் என்று முடியும். பொழுதுபோக்கு என்ற பந்தியில் வாசித்தலும் தோட்டஞ் செய்தலும் வரும். எழுதிய கைகள் வேறு, எழுத்து ஒன்றே. மாதிரிக் கட்டுரைத் தொகுப்பு நூல்களை மனனஞ் செய்து சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் கடந்து வந்தவர்களிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது?

ஒரு கட்டுரை மாத்திரம் வேறாக இருந்தது. அதனை எழுதிய மாணவியின் இசைவு பெற்றே அதன் சாரத்தை இங்கே தருகின்றேன். பெயரையும் ஊரையும் தாரேன். அவளுக்கு வயது இருபத்து நான்கு. தாயார் பனையோலைப் பின்னல் வேலை செய்பவர். சிறுவயது முதல் தாயின் அருகே இருந்து, குருத்தோலை, சார்வோலை, காவோலை என்றும், கடகம், குட்டான், நீத்துப்பெட்டி, உமல் என்றும் கேட்ட சொற்களையெல்லாம் ஒரு கொப்பியிலே எழுதி வருகின்றாளாம். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருப்பதைக் கண்டு, விடுமுறை நாட்களில் துவிச்சக்கர வண்டியிற் சென்று முதிய பெண்களிடம் கேட்டு எழுதுகின்றாளாம். அகராதியில் இல்லாத சொல்லொன்று கிடைத்த நாளில் தனக்குப் பசி தோன்றுவதில்லை என்று எழுதியிருந்தாள். வல்லைவெளியில் எதிர்க்காற்றை மிதித்துச் செல்லும்போது கேட்பார் யாருமில்லையாதலின் உரக்கப் பாடுவாளாம். தன் குரல் நல்லதன்று என்பதையும் ஒளிக்கவில்லை. கிரிக்கெட் ஆட்டத்தில் ஆர்வமுண்டு. சமையலில் ஆர்வமில்லை, ஆனாற் பினாட்டு நன்றாகப் போடுவாள். மொழியியல் கற்று, அந்தக் கொப்பியை ஒரு சிறு சொற்களஞ்சியமாக அச்சிட வேண்டும் என்பது அவளது முதல் விருப்பம். கதவுள்ள ஒரு சிறிய அறை தனக்கென வேண்டும் என்பது இரண்டாவது. திருமணத்தை மூன்றாவதாக வைத்திருந்தாள். அதனை வெறுக்கவில்லை, என் குறிப்பைக் கேட்குமுன் என் கொப்பியைக் கேட்பவராயின் நன்று என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இக்கட்டுரையைக் கல்லூரி மலரில் வெளியிடலாம் என்றேன். எதிர்ப்புத் தோன்றியது. கலியாணப் பேச்சு நடக்கும் காலத்தில் இப்படி எழுதுவது நல்லதா என்று உறவினரான பெரியவர் ஒருவர் வந்து கேட்டார். சமையலில் ஆர்வமில்லை என்ற வரியையும் கலியாணம் பற்றிய வரியையும் நீக்கிவிட்டாற் போட்டுவிடலாம் என்றார் உடனாசிரியர் ஒருவர். அவையிரண்டையும் நீக்கினால் எஞ்சுவது மாதிரிக் கட்டுரைதான் என்பது என் மறுமொழி.

எதிர்ப்பவர் கூறும் காரணங்களை எளிதில் தள்ளிவிடலாகாது. அவற்றுள் முதலாவது, தற்புகழ்ச்சி தகாது என்பது. இதற்கு நன்னூலையே சான்று காட்டுவர். ஆனால் தன்னைப் புகழ்தல் தகாது என்று விதித்த பவணந்தி முனிவரே அது தகும் இடங்கள் நான்கினையும் அடுத்து வைத்தார் என்பதை அவர்கள் கூறுவதில்லை. அரசனது அவைக்கு ஓலை எழுதுமிடம் ஒன்று. தன் ஆற்றலை உணராதாரிடை இருக்கும்போது ஒன்று. அவையிலே வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுது ஒன்று. எதிரி தன்னைப் பழித்த காலை ஒன்று. இந்நான்கனையும் நம் காலத்து இளம் பெண்ணொருத்தியின் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகின்றாள், அது ஓலை. அவளது ஆற்றலை அறியாதார் நடுவே, பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே, வாழ்கின்றாள். நேர்முகத் தேர்விலே பலரோடு போட்டியிடுகின்றாள். பெண்ணுக்கு இது எதற்கு என்னும் பழிச்சொல்லையும் கேட்கின்றாள். நன்னூலார் வகுத்த நான்கு இடங்களும் அவளுக்கு வாய்த்திருக்கின்றன. புலவனுக்குச் சொன்ன விதி இவளுக்கு ஆகுமோ எனின், கற்றாரெவர்க்கும் ஆகும் என்பதே எனது துணிபு. அன்றியும், தன்னை விளம்புதல் தன்னைப் புகழ்தலாகாது. தன் குரல் நல்லதன்று என்று எழுதியவளைத் தற்புகழ்ச்சிக்காரி என்பது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது காரணம் நாண். தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் தானே கூறுதல் இல்லை என்பது தொல்காப்பிய விதி. மெய்தான். ஆனால் அவ்விதியின் எல்லையை நோக்குக. கூறப்படாதது வேட்கை, கூறப்படாத இடம் தலைவன் முன்னர். கல்வியைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் கருத்தைப் பற்றியும் அங்கே தடை யாதும் இல்லை. அதுவும் அகத்திணைச் செய்யுளுக்கு வகுத்த மரபேயன்றிக் கட்டுரைக்கு வகுத்ததன்று. அச்செய்யுளிலுங்கூடப் பெண்பாற் புலவர் வாய் திறவாதிருந்தனரா? குறுந்தொகையிலே ஆதிமந்தியார் பாடிய பாட்டிற் பேசுபவள் தன்னை ஆடுகளத்து மகள் என்று அறிமுகஞ் செய்கின்றாள். தந்தை பெயர் இல்லை; குலம் இல்லை; தான் செய்யும் கலையே தன் அடையாளம். வெள்ளிவீதியார் பாட்டுக்களையும் அவ்வாறே கற்க வேண்டும்.

மூன்றாவது காரணமே உண்மைக் காரணம். அது அச்சம். ஊர் என்ன சொல்லும், வந்த பேச்சு நின்றுவிடுமோ என்னும் அச்சம். இதனை யான் இகழேன். பேச்சு நின்றால் வருந்துபவர் அந்தத் தாயும் மகளுமேயன்றித் தமிழாசிரியரல்லர். ஆயினும் ஒன்று கேட்பேன். இரண்டு வரிகளைப் படித்து நின்றுவிடும் திருமணம், அவ்வரிகளை மறைத்து நடந்துவிட்டால் எத்தனை ஆண்டு அவளை மறைந்திருக்கச் செய்யும்?

நம் நாட்டிலே இப்பாதை புதியதன்று. உடுவில் மகளிர் பாடசாலை 1824-இல் தொடங்கியது. மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரி 1913-இல் எழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 1914-இல், மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலை வெளியிட்டார். 1931-இல் ஆடவரோடு ஒப்ப மகளிர்க்கும் வாக்குரிமை வந்தது. 1986-இல் 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுப்பு, ஈழத்துப் பெண்கள் பலரின் கவிதைகளை ஒன்றுசேர்த்து யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. அத்தொகுப்பில் எழுதியவருள் ஒருவராகிய சிவரமணி 1991-இல், இளம் வயதிலேயே, தம் கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். பிறரிடம் இருந்தமையால் எஞ்சியவையே இன்று நமக்குக் கிடைப்பன. அக்காலத்தின் இருள் வேறு. இன்றைய தயக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் ஒரு பெண் தன்னைப் பற்றி எழுதிய தாள் எத்துணை எளிதில் இல்லாமற் போகும் என்பதை நாம் அறிந்தவர்கள். அறிந்தும் கவலையற்றிருத்தல் தகுமா?

ஆசிரியராக உள்ளவர்க்குச் சிலவற்றைக் கூற விரும்புகின்றேன். தன்னைப் பற்றிய கட்டுரைக்கு மாதிரி கொடாதீர்கள். முதற் பந்தியில் தந்தை பெயரும் ஊரும் பாடசாலையும் வரலாகாது என்று விதியுங்கள்; அவை பின்னர் வரட்டும். எதனைச் செய்யும்போது பசியை மறப்பாய், யார் சொன்ன எந்தக் கருத்தை ஏற்கமாட்டாய், பத்தாண்டு கழித்து எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருக்க விரும்புவாய் என்னும் மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதியதை அவளது இசைவின்றிப் பிறர்க்குக் காட்டாதீர்கள், பெற்றோர்க்கும் காட்டாதீர்கள். அந்த நம்பிக்கை இன்றேல் மீண்டும் பழைய கட்டுரையே வரும். இவ்வினாக்கள் ஆண் பிள்ளைகளுக்கும் ஆகும். அவர்கள் எழுதுவதும் பெரும்பாலும் மாதிரிக் கட்டுரையே. எனினும் அவர்கள் தம்மைக் கூறுவதற்கு உலகம் வேறு பல இடங்களைக் கொடுத்திருக்கின்றது.

மாணவியர்க்கு ஒரு சொல். உங்கள் விருப்பம் பெரிதாயிருத்தல் வேண்டும் என்பதில்லை. உலகை மாற்றுவேன் என்று எழுதினால்தான் கட்டுரை என்று எண்ணற்க. பினாட்டுப் போடுவதும் பாடுவதும் ஒரு கொப்பியும் போதும். உங்களுடையதாக இருந்தாற் சரி.

மலருக்குரிய அந்தக் கட்டுரையின் முடிவை எழுதியவளிடமே விட்டிருக்கின்றேன். பெயரோடு வெளியிடுவதா, பெயரின்றி வெளியிடுவதா, வெளியிடாமலே விடுவதா என்பதைத் தான் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கின்றாள். உறவினரும் உடனாசிரியரும் யானும் அவள் விடைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இதற்கிடையே, அக்கட்டுரையில் யான் திருத்தியவை ஒற்றுப்பிழை மூன்றும் ஒருமை பன்மை மயக்கம் ஒன்றுமே. திருத்துவதற்கு எனக்கு உரிமை உள்ளது அவ்வளவே. அவளுடைய விருப்பங்களின் வரிசையைத் திருத்தும் உரிமை எந்த இலக்கண நூலிலும் ஆசிரியர்க்கு வழங்கப்படவில்லை.