பாசிட்டிவ் என்றால் நல்லதா?

‘பாசிட்டிவா யோசி’ என்று பிள்ளைக்குப் புத்தி சொன்ன வீடுகள்தான், கரோனா பரவிய 2020-இல் அதே சொல்லைக் கேட்டுக் கதிகலங்கின. தெம்பு தருகிற சொல், வாசலில் தகரம் அடிக்கவைக்கிற சொல்லானது.

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. அன்றாடப் பேச்சில் பாசிட்டிவ் என்றால் நல்லது, நம்பிக்கையானது. பரிசோதனைச் சீட்டில் அது நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. தேடியது தென்பட்டது, அவ்வளவுதான் பொருள். எதைத் தேடினார்கள் என்று தெரியாமல் மகிழவோ அழவோ வழியில்லை.

கர்ப்பப் பரிசோதனையில் தேடுவது எச்.சி.ஜி. ஹார்மோனை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு அங்கே பாசிட்டிவ் என்பது வரம். சளிப் பரிசோதனையில் அதே சொல், காசநோய்க் கிருமி இருப்பதைச் சொல்கிறது. ரத்த வகையிலோ அது நோயே அல்ல. சிவப்பணுவின் மேல் ‘டி’ ஆன்டிஜென் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். நெகட்டிவ் ரத்தம் குறையுள்ள ரத்தம் அல்ல. ஆனால், நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால், அடுத்த குழந்தையைக் காக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவது வழக்கம்.

மார்பகப் புற்றுநோய்ச் சீட்டில் இந்தச் சொல் இன்னும் ஏமாற்றும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் ஆறுதலே. தமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மருந்துகள் கைகொடுக்கும். ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ என்று படித்துவிட்டு மூன்று மடங்கு நிம்மதி அடைபவருக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டும். அங்கே தேடிய மூன்று ஏற்பிகளும் தென்படவில்லை. அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் அந்தக் கட்டியிடம் பெரும்பாலும் பலிக்காது.

நெகட்டிவ் என்பதும் ‘இல்லவே இல்லை’ என்ற உத்தரவாதம் அல்ல. எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதித்தால் நெகட்டிவ் என்றே வரக்கூடும். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள்.

இந்த இரு சொற்களையும் ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என்று பெயர்ப்பது குழப்பத்தையும் சேர்த்தே பெயர்ப்பதாகும். கரோனா காலத்தில் தமிழ் நாளிதழ்கள் ‘தொற்று உறுதி’ என்று எழுதின. யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. அந்தத் தெளிவு பரிசோதனைச் சீட்டுக்கும் வர வேண்டும். ‘காசநோய்க் கிருமி தென்பட்டது’, ‘தென்படவில்லை’ என்று ஆங்கில முடிவின் கீழே தமிழில் ஒரு வரி அச்சிட எந்த ஆய்வகத்துக்கும் பெரிய செலவில்லை.

அந்த வரி வரும்வரை, சீட்டை வாங்கும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள்: ‘எதைத் தேடினீங்க? அது தெரிஞ்சுதா, தெரியலையா? அடுத்து நாங்க என்ன செய்யணும்?’