ஸ்க்ரூடிரைவர் காதும் 99 பர்சன்ட்டும்!

'எங்க மாடல் 99 பர்சன்ட் அக்யூரஸி சார்!' - ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இப்படிச் சொல்லிட்டு காலரைத் தூக்கிவிட்ட ஆளா நீங்க? கொஞ்சம் உட்காருங்க பாஸ். போன மாசம் வரைக்கும் நானும் அதே கட்சிதான்.

மேட்டர் இதுதான். மோட்டார் பேரிங் கெட்டுப்போகுதான்னு அதிர்வை வெச்சே மெஷின் லேர்னிங்கில் கண்டுபிடிக்கணும். ஆனா, கெட்ட பேரிங்குக்கு எங்கே போறது? கோயம்புத்தூர் மில் ஒண்ணுல கேட்டா, 'அது கெடாம இருக்கத்தானே தம்பி எங்களுக்குச் சம்பளம்'னு சிரிக்கிறாங்க. நல்லா ஓடுற டேட்டா மலை மாதிரி கிடக்கு. பழுது டேட்டா கைப்பிடி அளவுதான். அதுலயும் 'இது இன்னர் ரேஸ், இது அவுட்டர் ரேஸ்'னு லேபிள் எழுதி வெச்சது ரொம்பக் கம்மி.

உடனே ஊரோடு ஒத்து வாழ்ந்தோம். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இலவசமாத் தர்ற டேட்டாவை இறக்கினோம். 2 குதிரைத்திறன் மோட்டார். பேரிங்கில் ஈ.டி.எம். முறையில் 0.007 அங்குலத்துலேர்ந்து பொடிக் குழிகளாப் போட்டு, விநாடிக்கு 12,000 தடவை அதிர்வை அளந்து வெச்சிருக்காங்க. ஒவ்வொரு ரெகார்டிங்கையும் துண்டு துண்டா வெட்டி, குலுக்கி, முக்கால் பங்கை ட்ரெயினிங்குக்கும் கால் பங்கை டெஸ்ட்டுக்கும் வெச்சோம். 99 பர்சன்ட்!

அப்புறம்தான் உறைச்சது. ஒரே ரெகார்டிங்கோட பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ரெண்டு பக்கமும் இருக்கு. கொஸ்டின் பேப்பரைப் பார்த்துட்டு எழுதின பரீட்சை! 0.021 அங்குலக் குழி உள்ள பேரிங்குகளைக் கண்ணுலயே காட்டாம ஒதுக்கிவெச்சு டெஸ்ட் பண்ணினா... மார்க் சரசரன்னு சறுக்கிடுச்சு.

வழி காட்டினது மில் ஃபிட்டர் அண்ணன். ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் ஹவுசிங் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேட்டார். ''ரிப்பேர் சத்தம் நூறு விதமா வருமுங்க தம்பி. அதையெல்லாம் யாரு கண்டா? நல்லா ஓடற சத்தம் எனக்கு மனப்பாடம். அதுல பிசிறு தட்டுனா நிறுத்திப்போடுவேன்!''

அட, ஆட்டோஎன்கோடரும் இதைத்தானே செய்யுது! நல்ல அதிர்வை மட்டும் கொடுத்து, அதைச் சுருக்கி மறுபடியும் வரையச் சொல்லணும். பழகினதை அப்படியே வரையும். பழகாததுல சொதப்பும். சொதப்பல் அளவு தாண்டினா மணி அடிக்கும்.

மணி அடிச்ச இடத்தை மட்டும் அண்ணன்கிட்ட காட்டி லேபிள் வாங்கினோம். முதல் மணிக்கே, ''லோடு ஏறியிருக்குங்க, பேரிங் நல்லாத்தான் இருக்கு''ன்னார். பல்புதான்! ஆனா, அந்த ஒரு வரியும் லேபிள்தானே? குலுக்கல்ல எடுத்த ஆயிரம் துண்டைவிட, மாடல் குழம்பின இடத்துல கிடைக்கற பத்து லேபிளுக்கு மதிப்பு ஜாஸ்தி.

ரிவ்யூவில் சறுக்கின மார்க்கைத்தான் சொன்னேன். பக்கத்து டீம் 99 சொல்லிக் கைத்தட்டல் வாங்கினப்போ வலிச்சது நிஜம். ஆனா ஃப்ரெண்ட்ஸ், நாம 'ஓகே'ன்னு சொல்ற மோட்டார் பக்கத்துல ஒரு மனுஷர் நின்னு வேலை பார்ப்பார். அவருக்குத் தேவை கைத்தட்டல் இல்லை, சரியான நேரத்துல அடிக்கற மணி.

உங்க மாடலும் 99 காட்டுதா? டேட்டாவை எப்படிப் பிரிச்சீங்கன்னு இன்னிக்கு ராத்திரியே ஒரு தடவை பார்த்துடுங்க!