வளவும் அயலும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் வழங்கும் பழமொழி. பிற ஊர்களில் அது இருவேறு சுமைகளைக் கூறுவதாகும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் நமக்கோ அவ்விரண்டும் ஒரே சுமை. இங்கே பெண்ணுக்கு மணம் பேசுதல் என்றால் வீடு கட்டுதல் என்று பொருள். நாட்பொருத்தம் பார்க்குமுன் அத்திவாரம் வெட்டப்படும். தாலி ஏறுமுன் கூரை ஏறும்.

இலக்கியத்துக்குரிய இப்பக்கத்தில் வீட்டைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. பண்டிதர் என்றால் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் என்பது ஊர் வழக்கு. முன்னெல்லாம் என்னை நாடி வந்தோர் வயல் வரம்பையும் மாட்டையும் பற்றி எழுதுவித்தனர். இப்பொழுது வருவோர் மேல்மாடியையும் மதிலையும் பற்றி எழுதுவிக்கின்றனர். அயல்வீட்டுச் சாளரம் எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறது என்கிறார் ஒருவர். அவர்கள் கூரைநீர் எங்கள் முற்றத்தில் விழுகிறது என்கிறார் மற்றொருவர். அவர்களது மலசலக்குழி எங்கள் கிணற்றை ஒட்டி வந்துவிட்டது என்கிறார் வேறொருவர். வழக்காடுவோர் அந்நியரல்லர். ஒரே கோயிலில் ஒரே திருவிழாப் பங்கு உடையவர்கள். பலர் ஒரே குடியினர். சிலர் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள்.

இதன் வேர் நமது வழக்கத்திலேயே உள்ளது. இப்பகுதியில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. ஆணே பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் தாய்வழி மகளைச் சேரும். பழைய முக்குவச் சட்டத்தின் தாய்வழி உரிமையைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்பின் அப்பழஞ்சட்டம் வழக்கொழிந்தது. ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. சீதன உறுதி என்னும் வடிவில் அது நிலைத்தது. தமிழரும் முஸ்லிம்களும் இவ்வழக்கத்தை ஒருங்கே போற்றி வருதலை டெனிஸ் மக்கில்வ்றே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் 2008இல் வெளிவந்த தமது ஆராய்ச்சி நூலில் விரித்துரைத்துள்ளார்.

இவ்வழக்கத்தை யான் குறை கூறேன். கணவன் கைவிட்டாலும் இறந்துபட்டாலும் ஒரு பெண் தன் கூரையின் கீழ்த் தன் தாய்க்கும் தமக்கைக்கும் அருகே இருக்கிறாள். போரிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் இப்பகுதியிற் கைம்பெண்களானோர் எத்தனையோ பேர். அவர்களிற் பலருக்கு எஞ்சி நின்ற ஆதாரம் அதுவே. ஆனால் வழக்கம் வளர்ந்த காலத்து நிலம் வேறு, இன்றைய நிலம் வேறு.

கணக்கைப் பார்ப்போம். இருபது பேர்ச் வளவு ஒன்று மூன்று பெண்களுக்குப் பிரிந்தால் ஒருத்திக்கு ஏழு பேர்ச்சும் தேறாது. அம்மூவரின் பெண்களுக்கு அது மீண்டும் பிரிந்தால் எஞ்சுவது ஓர் அறைக்கும் ஒரு குசினிக்கும் உரிய இடமே. ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. நடுவே மணல் வரம்பு போன்ற நிலத்துண்டு. கல்லடி தொடங்கிக் காத்தான்குடி, ஆரையம்பதி ஊடாகத் தெற்கே செல்வோர் வீட்டோடு வீடு ஒட்டி நிற்றலைக் காணலாம். பக்கவாட்டில் வழியில்லாதபோது வீடு மேல்நோக்கி எழுகிறது. வெளிநாட்டு உழைப்பு வந்து சேரும்போது இன்னும் விரைந்து எழுகிறது.

விதிகள் இல்லையோ எனின், உண்டு. வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டினது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல் வந்தது. அதன் கீழ் 1986இல் வெளியான திட்டமிடல், கட்டட விதிகள் வதிவிட மனைக்குப் பொதுவாக 6 பேர்ச், அதாவது 150 சதுர மீற்றர், வேண்டுமென்றன. தாழ்ந்த வீடாயினும் பின்புறம் 2.3 மீற்றர் வெளி விடவேண்டும் என்றன. நிலத்தில் நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் வீடு பரவலாகாது என்றன. 2021இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தில் வந்தன. எண்கள் மாறலாம், அவற்றின் கருத்து மாறவில்லை. மனை முழுவதும் மனைக்குரியவனுக்கே சொந்தமாயினும், அதன் ஓரத்து வெளி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நீருக்கும் அயலவனுக்கும் உரியது என்பதே அக்கருத்து.

ஆறு பேர்ச் என்பது ஏறத்தாழ நாற்பதடிக்கு நாற்பதடிச் சதுரம். கிணற்றுக்கும் மலசலக்குழிக்கும் இடையே ஐம்பதடி வேண்டுமென்பது சுகாதாரப் பரிசோதகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. நாற்பதடிச் சதுரத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம் 57 அடியே. ஆகவே கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தாலன்றி அளவு ஒவ்வாது. அப்படி வைத்தாலும் நம் குழி நிற்கும் மூலைக்கு அப்பால் அயலவர் கிணறு இருக்கிறது. மணல் நிலத்தில் நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழி வந்த பின்னும் கிணற்றை விட்டுவிடாத வீடுகள் பல. இதனால், தனி மனை ஒவ்வொன்றும் விதிக்கு அமைந்தாலும் மனைகள் கூடிய வளவு விதியின் நோக்கத்துக்கு அமையாது போகலாம் என்பது புலனாகும்.

நம் முன்னோர் இவற்றை அறியாதவரல்லர். நெடுநல்வாடையில் மனை வகுக்கும் நூலறிந்தோர் நண்பகலில் கோல் நட்டு, நிழல் பார்த்து, திசை தெரிந்து, பின்னரே நூல் பிடிக்கின்றனர். நிழலை அளந்த பிறகே சுவரை அளந்தனர். மதுரைக்காஞ்சி அகன்ற தெருவை ஆற்றுக்கு ஒப்பிட்டு, அதன் இருபுறமும் காற்று நுழையும் சாளரங்களை உடைய இல்லங்களைக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் வழங்கும் "காலதர்" என்னும் சொல்லை மாணவர் நோக்குக. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சாளரம் நம் முன்னோர்க்குப் பார்க்கும் துளையன்று. காற்று வரும் வழி. வழி என்றால் அது ஒருவர் வாயிலில் மட்டும் தொடங்கி முடிவதன்று. அயலான் அடைத்தால் நம் காலதர் வெறுஞ்சுவரே.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினேன். யானும் குற்றத்துக்கு உரியவன்.

என் இளைய மகளுக்கு மணம் நிச்சயமானபோது வீட்டின் கிழக்குப் புறம் இரண்டு அறைகளை நீட்டினேன். எல்லைக்கும் சுவருக்கும் இடையே ஓரடி விட்டேன். அனுமதி பின்னர் எடுத்துக் கொள்ளலாம் என்றார் மேசன். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. கிழக்கு வளவில் இருந்தவர் என்னிலும் மூத்த கைம்பெண். யான் அவரை அக்கா என்றே அழைப்பேன். என் சுவர் எழ எழ அவர் குசினிக்குள் வரும் வெளிச்சம் குறைந்தது. ஒருநாள் வேலியடியில் நின்று பார்த்தார். "பிள்ளைட காரியம்தானே தம்பி, நடக்கட்டும்" என்று கூறி உள்ளே சென்றார். அதை யான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆண்டுகள் சில கழிந்தன. அக்காவின் பேத்திக்கு மணம் வந்தது. அவர்கள் மேல்மாடி கட்டினர். அதன் சாளரம் எங்கள் கிணற்றடிக்கு நேரே திறந்தது. என் வீட்டுப் பெண்கள் பகலில் குளிக்க இயலாதாயிற்று. யான் வெகுண்டேன். நான்கு பக்கத்தில், ஒற்றுப்பிழையுமின்றி, ஒரு முறைப்பாடு எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகம் சென்றேன். அங்கிருந்த இளைஞர் அதை மரியாதையோடு வாங்கி வாசித்தார். பின்னர், "ஐயா, உங்கட வீட்டுப் படத்தையும் ஒருக்கா கொண்டு வாங்களன்" என்றார். என் கிழக்கு அறைகளுக்குப் படம் ஏது? கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்று மாலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் மருமகன் சாளரத்தின் அடிப்பகுதியை ஆள் உயரத்துக்கு மேல் உயர்த்தச் சம்மதித்தார். யான் என் கூரைக்குப் பீலி போட்டு நீரை என் முற்றத்துக்கே திருப்பினேன். சமாதானம் ஆயிற்று. ஆனால் அந்தக் குசினியில் இன்றும் நண்பகலில் மின்விளக்கு எரிகிறது. என் சுவரை யான் இடிக்கவில்லை. அதற்குள் என் மகளின் வாழ்வு இருக்கிறது. தவறு சுவரான பின் திருத்தம் எவ்வளவு சிறியது என்பதை அவ்விளக்கு எனக்கு நாள்தோறும் சொல்கிறது.

இப்பிணக்கு நமக்கே உரியதன்று. நியூயோர்க் நகரில் 1915இல் ஈக்குவிற்றபிள் என்னும் பெருங்கட்டடம் எழுந்து அயல் தெருக்களை நிழலில் ஆழ்த்தியது. அடுத்த ஆண்டே அந்நகர் உயரத்தையும் பயன்பாட்டையும் வரையறுக்கும் வலய விதியை இயற்றியது. ஜப்பானில் 1976இல் வீட்டின்மேல் விழும் நிழலின் நேரத்தை அளவிடச் சட்டம் வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் சிறுமனையில் மாளிகை எழுப்புதலை 2008இல் கட்டுப்படுத்தியது. நம் நாட்டிலோ ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோமன் டச்சுச் சட்டம் வெளிச்சத்துக்கும் கூரைநீருக்கும் அயலவர்க்கிடையே உரிமைகள் ஏற்படலாம் என்பதை முன்னரே ஏற்றுள்ளது. சட்டம் குறைவாக இல்லை. அது மதில் எழுந்த பின் நீதிமன்றத்தில் கண் விழிப்பதே குறை.

ஆகவே சில சொல்வேன்.

முதலாவது, உள்ளூராட்சி மன்றங்கள் கட்டட விதிகளை ஒரே தாளில், படத்தோடு, எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒட்டுதல் வேண்டும். முறைப்பாடு வந்த வீட்டை மட்டும் பார்ப்பதை விடுத்து, கட்டும் வீடு யாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்தல் வேண்டும். அயலான் பகைவனான பின்பே விதி வெளிவருமாயின், விதியும் பகையின் கருவியாகிவிடும்.

இரண்டாவது, முதற்பெண்ணுக்கு வீடு கட்டும்போதே முழு வளவுக்கும் ஒரு படம் வரைக. எத்தனை பெண்கள், எங்கே வழி, எங்கே பொதுக் கிணறு, எங்கே பொதுக் குழி, எந்த வீடு பின்னர் மேலே எழும் என்பவற்றை அன்றே குறிக்க. மேல்மாடி குற்றமன்று. வேலிவரை பரவும் நான்கு வீடுகளைவிட, நான்கு புறமும் வெளி விட்டு மேலெழும் இரண்டு வீடுகள் மேல். மன்றங்களும் இத்தகைய முழு வளவுப் படத்தை ஏற்று அனுமதி வழங்க வழி காணவேண்டும்.

ஏழைக்கு விதி சுமையல்லவா என்பார் உளர். உண்மை. கட்டணமும் காத்திருப்பும் மிகுந்தால் மணநாள் காத்திராது. அவன் விதியை மீறவே செய்வான். அவனுக்கு விரைவும் சலுகையும் வேண்டும். ஆனால் இன்று அயலாரை வருத்தும் கட்டடங்கள் யாவும் ஏழ்மையால் எழுந்தவையல்ல. வழக்கம் கேட்பது வீடு. பெருமை கேட்பது மாளிகை. இவ்விரண்டையும் நாம் குழப்பிக் கொண்டோம்.

மூன்றாவது, கல் வைக்க நாள் பார்க்கும்போது படத்தையும் எடுத்துக்கொண்டு நான்கு புறத்து அயல்வீட்டுக்கும் போய்க் காட்டுக. வெற்றிலை வைத்து அழைப்பது நம் வழக்கம். அவ்வெற்றிலையோடு படமும் போகட்டும். மறுப்பவர் அன்றே மறுக்கட்டும். அவர் வாய் திறவாவிட்டால், மௌனம் சம்மதமா அன்றிப் பெருந்தன்மையா என்று ஒருமுறை கேட்டறிக. அதையும் மீறிப் பிணக்கு வந்தால், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன; நீதிமன்றப் படிக்கு முன் அப்படியை மிதிக்க.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். நாற்பதடிச் சதுரத்தின் மூலைவிட்டத்தை நம் மாணவர் கணித வகுப்பிலும், காலதரைத் தமிழ் வகுப்பிலும் கற்கின்றனர். இரண்டையும் ஒரே நாளில் அவர்தம் வளவில் வைத்துக் கற்பியுங்கள். நாளை அவர்கள் தம் பெண்ணுக்கு வீடு கட்டுவர். அன்று அத்திவாரத்துக்கு நூல் பிடிக்குமுன் அயல்வீட்டுக் குசினியையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பாராயின், அதுவே நாம் கற்பித்ததன் பயன்.