அந்தச் சோதனை முதலில் நம் ஊருக்கு வரட்டும்

மாணவர்களே, கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் தாதி அதில் இரத்த அழுத்தத்தையும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்பதையும் குறித்து வைப்பார். கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐ எட்டி, சிறுநீரிலும் புரதம் தென்பட்டால் அது பிரீஎக்லாம்சியா என்னும் நோய். முற்றினால் தாய்க்கு வலிப்பு வரலாம். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

ஆனால் அழுத்தம் ஏறிய எல்லாருக்கும் நோய் முற்றிவிடுவதில்லை. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை வார்டில் சேர்க்க வேண்டும்? அழுத்தமானி மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. இரத்தத்தில் உள்ள இரண்டு புரதங்கள் உதவும்.

பிளசெண்டா எனப்படும் நச்சுக்கொடி PlGF என்ற புரதத்தைச் சுரக்கிறது. இது இரத்தக்குழாய்களை வளர்த்து நலமாக வைத்திருக்கும். இந்நோயில் நச்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற மற்றொரு புரதத்தை அளவுக்கு மீறி வெளியிடுகிறது. பள்ளிப் பேருந்து வருமுன்னே வேறொரு வேன் வந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டு போனால் வகுப்பு காலியாகக் கிடக்கும் அல்லவா? அதுபோல இது முதல் புரதத்தை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. குழாய்கள் பழுதடைகின்றன, அழுத்தம் ஏறுகிறது. இதை 2003இல் வெளியிட்ட பாஸ்டன் ஆய்வுக் குழுவின் முக்கிய விஞ்ஞானி அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

சோதனை, நீங்கள் கணிதத்தில் படித்த விகிதம்தான். எஸ்எஃப்எல்டி அளவு 4,000, பிஎல்ஜிஎஃப் அளவு 200 என்றால் விகிதம் 20. முதலாவது 8,000 ஆகி, இரண்டாவது 80 ஆகக் குறைந்தால் விகிதம் 100. நோய் இருக்குமோ என்று ஐயப்பட்ட பெண்களை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு அடுத்த ஒரு வாரத்தில் நோய் வரவில்லை. 38ஐத் தாண்டினால் நோய் உறுதி என்று பொருளல்ல. நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்று பொருள். அமெரிக்காவும் 2023இல் இவ்வகைச் சோதனைக்கு அனுமதி தந்தது.

இத்தகைய புதிய சோதனைகள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில்தான் முதலில் வரும். அது தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நகரத்தில் நடுராத்திரியில் நிலைமை மோசமானாலும் மருத்துவமனை அருகில் இருக்கும். கரங்கான் தோட்டப்புறத்தில் இருப்பவர் கூலிமுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ போயாக வேண்டும். தூரத்தை எண்ணி முன்னெச்சரிக்கையாக வார்டில் சேர்த்தால், வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. கணவரின் நாள் சம்பளமும் போகும். விகிதம் குறைவு என்று தெரிந்தால் அவர் நிம்மதியாக வீடு திரும்பலாம். அதிகம் என்றால் இருட்டுமுன் கிளம்பலாம். தூரம் கூடக்கூட இந்த எண்ணின் மதிப்பும் கூடுகிறது.

செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது தேவையில்லை; ஐயத்துக்கு உரியவர்களுக்கு மட்டும் போதும். தேவையின்றி வார்டில் தங்குவதும் செலவுதானே? கருவி கிளினிக்கிலேயே இருக்கவும் வேண்டாம். இரத்த மாதிரியை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். முடிவு அன்றே திரும்பி வந்தால் சரி.

ஒன்றை மறக்காதீர்கள். நல்ல முடிவு ஒரு வாரத்துக்கான ஆறுதல் மட்டுமே. அழுத்தமானியும் சிறுநீர்ச் சோதனையும் தொடர வேண்டும். உங்கள் வீட்டுக் கர்ப்பிணி கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் என்று சொன்னால், தைலம் தேய்த்துப் படுக்க விடாதீர்கள். இளஞ்சிவப்புப் புத்தகத்தோடு அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.